படுத்தால் வரும் மூச்சு

மெத்தை விற்கிறவன் மெத்தையில் படுக்கக் கூடாது என்பது அந்தக் கடையில் முதலாளி போட்ட சட்டம். படுத்துப் பார்க்கிற உரிமை வாங்க வருகிறவருக்கு மட்டும்தான். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிப் படுக்கலாம், இந்தப் பக்கம் புரளலாம், அந்தப் பக்கம் புரளலாம், ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிட்டு எழுந்து "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விடலாம். முதலாளி சிரித்த முகம் மாறாமல் விரிப்பை நீவி விடுவார். ஆனால் கடை ஆள் யாராவது மெத்தை ஓரத்தில் பட்டும் படாமல் உட்கார்ந்தால்கூட அவர் குரல் தெருமுனை வரை கேட்கும்.

இந்தச் சட்டத்தை மீறிய ஒரே ஆள் அவருடைய சொந்தத் தம்பி.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை அது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் தையல் கூடம். அண்ணனுக்கு வாய் உண்டு, அதற்குச் சரியான வயிறும் உண்டு. ஆளைப் பார்த்தாலே நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர் என்று தெரியும்; மெத்தை வியாபாரத்துக்கு அதுவே பாதி விளம்பரம். அதனால் முன்பக்கம் அவருக்கு. தம்பி பின்பக்கம். பஞ்சு அடைத்து, விளிம்பு மடித்துத் தைத்து, முழ நீள ஊசியால் மெத்தைக்கு முடிச்சுப் போடுகிற வேலை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன். அவன் போட்ட முடிச்சு, துணி கிழிந்தாலும் அவிழாது என்று அண்ணனே வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசியிருக்கிறார். அவனிடம் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்பது அவருடைய கொள்கை. கொள்கைக்கு என்ன பஞ்சம்? வாய் இருக்கிறவர்களுக்கு வண்டி வண்டியாக இருக்கும்.

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் தம்பி படுக்க ஆரம்பித்தான். முதலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கொஞ்ச நேரம். பிறகு ஒரு மெத்தை முடிந்து அடுத்த மெத்தை தொடங்குவதற்குள் ஒரு தடவை. முடிச்சுப் போடுவது இரண்டு ஆள் வேலை. மெத்தையை இரண்டு மரத்தாங்கிகளின் மேல் கிடத்தி, ஒருவர் மேலே நின்று ஊசியை இறக்குவார், இன்னொருவர் கீழே படுத்து அதை வாங்கித் திருப்பி அனுப்புவார். கண்ணில் பஞ்சுத் தூசி கொட்டும் என்பதால் கீழே போக யாருக்கும் பிடிக்காது. தம்பி மட்டும் மேலே நிற்பதையே விட்டுவிட்டான். நாள் முழுக்கக் கீழேதான்.

"வேலை செய்யறதுக்கும் ஒரு படுக்கை கண்டுபிடிச்சிட்டான் பாரு" என்றார் அண்ணன். அன்றைக்கே அவனுக்குத் 'தலையணை' என்று பேரும் வைத்தார். மெத்தை எங்கே இருக்கிறதோ அங்கே தலையணை இருக்கும் அல்லவா. பெயர் ஒட்டிக்கொண்டது. தையல்காரர்கள் கூப்பிட்டார்கள், பழைய வாடிக்கையாளர்கள் "தலையணை சுகமா?" என்று விசாரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சிரித்த பிறகு அவன் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அண்ணன் நேராகவே கேட்டார். "என்னடா உனக்கு? எப்ப பார்த்தாலும் கிடக்கறே?"

"நின்னா மூச்சு வாங்குதுண்ணே. படுத்தா நல்லாருக்கு."

கூடமே சிரித்தது. "படுத்தா யாருக்குடா நல்லாருக்காது? அதை நம்பித்தானே நம்ம பொழப்பே ஓடுது" என்றார் அண்ணன். அந்தப் பதில் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் இரண்டு பேர் மெத்தையும் வாங்கினார்கள்.

சந்தேகம் மட்டும் அவருக்கு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் உள்ளங்கை இரண்டும் குங்குமம் தடவின மாதிரி சிவந்து, எப்போதும் சூடாக இருந்தன. ஊசி பிடித்துக் காய்த்துப்போக வேண்டிய கை இப்படிச் சிவந்திருந்தால் அது உழைக்காத கை என்று அவர் முடிவு கட்டினார். ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உறை அவனுக்குச் சேராமல் போனது. விரல் நுனிகள் உருண்டு திரண்டிருந்தன. "உட்கார்ந்து தின்னா விரல்கூடக் கொழுக்கும்" என்றார். கிட்டே வந்து பேசினால் அவன் மூச்சில் ஒருவிதமான இனிப்பு வாடை அடித்தது. அது போதாதா? தம்பி குடிக்கிறான் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

தம்பி மனைவி இல்லவே இல்லை என்று சாதித்தாள். "ஒரு சொட்டு தொட்டதில்லை மாமா. வேணும்னா என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதேம்மா" என்று அவள் வாயை அடைத்தார்.

அவள் கணவனைத் தெருமுனை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறது, வெறும் பலவீனம் என்று சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். அண்ணன் ரத்த அழுத்தத்துக்குப் பல வருஷமாக மாத்திரை விழுங்குகிறவர். "எனக்கு நூத்தி அறுபது, துரைக்குத் தொண்ணூறு. கவலைப்படறதுக்கு நான் இருக்கேனே, அவன் ரத்தம் ஏன் ஏறப்போகுது?" என்றார். இதற்கும் கூடம் சிரித்தது. சம்பளம் கொடுக்கிறவர் சொல்கிற நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

கடைசியில் அவர் தம்பியைத் திருத்தக் கிளம்பினார். கூடத்தை விட்டு வெளியே இழுத்து, கடை வாசலில் நிறுத்தினார். போகிறவர் வருகிறவரைக் கூப்பிட வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. "நின்னு பழகு. உடம்பு தானா வழிக்கு வரும்." கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. தம்பி உருப்பட வேண்டும் என்றுதான் செய்தார். அதை நினைக்கும்போதுதான் பின்னாளில் அவருக்குத் தாங்காமல் போனது. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

தம்பி நின்றான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்துக்கும் மேலாக நின்றான். ஒரு மத்தியானம், கல்யாணம் ஆகப்போகிற ஜோடி ஒன்று கடையிலேயே உசத்தியான மெத்தையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் வாசலிலிருந்து சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த மெத்தையில் விழுந்தான். அந்தப் பெண் பதறிப்போய் எழுந்து நின்றாள்.

அண்ணனுக்குக் கண்மண் தெரியாத கோபம். "எழுந்திருடா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவன் நின்றான். உதடு நீலமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கால் இரண்டும் மடங்கி அவர்மேலேயே சாய்ந்தான்.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. கடை வேனைக் கிளப்பச் சொன்னார். தம்பி மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். முன்சீட்டில் தம்பியைத் தூக்கி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் ஏறி, தோளைச் சுற்றிக் கை போட்டு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு முட்டுகிறவனைப் படுக்க விடக் கூடாது என்று உலகத்துக்கே தெரியும். தம்பி தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான். வேனின் பின்னால், வாங்கினவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய புது மெத்தைகள் மூன்று கிடந்தன.

"படுக்கணும்ணே" என்றான்.

"வேண்டாம்டா ராஜா. படுத்தா இன்னும் முட்டும். என்மேல சாஞ்சுக்கோ."

ராஜா என்று அவனை அவர் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. தம்பி இரண்டு மூன்று தடவை சரியப் பார்த்தான். அவர் விடவில்லை. போக்குவரத்தில் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை தன் முழு பலத்தையும் சேர்த்து அவனை நிமிர்த்தியே பிடித்திருந்தார்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கருவியை மாட்டி, தம்பியைப் படுக்கவைத்து ஒரு தடவை பார்த்தார், உட்காரவைத்து ஒரு தடவை பார்த்தார். உட்கார்ந்ததும் எண் மளமளவென்று இறங்கியது. படுத்ததும் மெல்ல ஏறியது. விரல் நுனிகளைப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், நெஞ்சில் சிலந்திக் கால் மாதிரி பரவியிருந்த சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். அடுத்த சில நாட்களில் ஸ்கேனும் மற்ற சோதனைகளும் முடிந்த பிறகு, அண்ணனையும் தம்பி மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஈரல் சுருங்கிக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. குடியால இல்ல. மூச்சுல அடிக்கற அந்த இனிப்பு வாடைகூட ஈரல் கெட்டதால வர்றதுதான். எப்பவோ வந்த மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, சத்தமில்லாம அரிச்சிருக்கு."

தம்பி மனைவி மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"ஈரல் கெட்டா மூச்சு ஏன் டாக்டர் வாங்கணும்?"

"ஈரல் இப்படி ஆயிட்டா உடம்புல இருக்கற ரத்தக்குழாய்ங்க எல்லாம் தளர்ந்து அகலமாயிடும். அதனாலதான் ரத்த அழுத்தம் குறையும், கை சிவந்து சூடா இருக்கும். இவருக்கு நுரையீரல்ல இருக்கற மெல்லிசு குழாயும் அகலமாயிடுச்சு. குறுகல் தெருவுல பஸ் மெதுவா வரும், ஸ்டாப்ல நிக்கறவங்க ஏறிப்பாங்க. தெருவை அகலமாக்கிட்டா பஸ் நிக்காமப் பறக்கும், ஏற வேண்டியவங்க அங்கேயே நின்னுட்டு இருப்பாங்க. அந்த மாதிரி ரத்தம் ஆக்ஸிஜனை ஏத்திக்காமலே ஓடிடுது. உட்கார்ந்தாலோ நின்னாலோ ரத்தம் நுரையீரலோட அடிப்பக்கம் இறங்கும். அங்கதான் குழாய்ங்க ரொம்ப அகலம். படுத்தா ரத்தம் பரவிடும், கொஞ்சம் தேவலையா இருக்கும்." பிறகு டாக்டர் கேட்டார். "வீட்டுல எப்பவும் படுத்தே இருந்திருப்பாரே, யாரும் கவனிக்கலையா?"

கவனித்தார்களே. பேரே வைத்தார்களே. அண்ணன் மேஜையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டுக்குத் திரும்பினார். தம்பி மூக்கில் குழாயோடு தட்டையாகப் படுத்திருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனேண்ணே" என்றான் தம்பி. குறை சொல்கிற குரலில்லை. மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னான்.

அவர் வராந்தாவுக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஒரே வழிதான் இருக்கிறது என்றார் டாக்டர். ஈரலை மாற்ற வேண்டும். புது ஈரல் வந்தால் அகலமான குழாய்கள் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கிப் பழையபடி ஆகும். ரத்த சொந்தம் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் ஆக்ஸிஜன் ரொம்பவும் கீழே போவதற்குள் செய்தாக வேண்டும். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

"என்னோடதை எடுத்துக்குங்க. பாதி என்ன, முழுசா எடுத்துக்குங்க" என்றார் அண்ணன். ரத்தப் பிரிவு பொருந்தியது. வயதும் ஐம்பதுக்குள்தான். இதையாவது செய்துவிட்டால் தம்பி முகத்தைப் பார்க்கலாம் என்று அவர் மனசு கொஞ்சம் நிமிர்ந்தது.

சோதனை முடிவு வந்தது. அவருடைய ஈரல் முழுக்கக் கொழுப்பு. அதை எடுத்து வைத்தால் தம்பிக்கும் உதவாது, கொடுக்கிற இவருக்கும் ஆபத்து. "மூணு மாசம் டயம் தரேன். உடம்பைக் குறைங்க. ஈரல் கொழுப்பு குறையக் கூடியதுதான். நடங்க" என்றார் டாக்டர்.

நடந்தார். மெத்தைக் கடைக்கே விளம்பரமாக இருந்த மனிதர், விடிந்ததும் கிளம்பி, தெருத் தெருவாக, பூங்காவைச் சுற்றி, வேர்த்து ஊற்ற நடந்தார். எண்ணெயில் பொரித்ததைத் தொடவில்லை, இனிப்பு தொடவில்லை, ராத்திரி அரை வயிறுதான். பசி காதை அடைக்கும். அவர் மனைவி கலங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வேலை செய்கிறவர்கள் சிரிக்கவில்லை. இப்போது யாரும் யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. வால் கையில் இருக்கிறவரை பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதானே என்று ஓடினார்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போவார். ஆக்ஸிஜன் உருளையைப் பக்கத்தில் வைத்து, கட்டிலில் படுத்திருப்பான். தலையணைகூட இல்லாமல் படுத்தால்தான் அவனுக்கு வசதி. அவனிடம் பேச நாற்காலி சரிப்படவில்லை; அவன் கழுத்தைத் திருப்பினாலே மூச்சு வாங்கியது. அதனால் அண்ணனும் கட்டிலின் மறுபக்கம் ஏறிப் படுத்துக்கொள்வார். இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்தபடி பேசுவார்கள்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம்ணே?"

"பாலம் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"அப்போ இன்னும் கொஞ்சம் கரைஞ்சிருக்கும்" என்பான் தம்பி. "எனக்கு வைக்கப்போற துண்டு இப்ப நல்லா நடைபழகுது."

மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே அவர் பாதி ஆளானார். சட்டை தோளில் தொங்கியது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்பவே முடியலை. இப்ப இது முதல் தரமான ஈரல்" என்றார்.

அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். வியாபாரி அல்லவா, எதிரில் இருப்பவர் முகம் படிக்கத் தெரியும். தம்பி முகத்தைத் தவிர எல்லார் முகமும் படிக்கத் தெரிந்தவர்.

"உங்களுக்குக் குறை இல்ல. அவருக்குத்தான்" என்றார் டாக்டர். "இந்த மூணு மாசத்துல குழாய்ங்க இன்னும் அகலமாயிடுச்சு. முழு ஆக்ஸிஜன் வச்சும் ரத்தத்துல ஏற மாட்டேங்குது, படுத்திருந்தாலும் ஏறலை. இப்ப ஆபரேஷன் மேஜையில ஏத்தினா எங்களால உயிரோட இறக்க முடியாது. எங்க குழு முழுக்க உட்கார்ந்து பேசிட்டோம். மன்னிச்சுக்குங்க."

"நான் தயார் பண்ணிட்டேனே" என்றார் அவர்.

தம்பிக்கு ஏற்கெனவே தெரியும். அவனிடம் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அவர் வழக்கம்போல் பக்கத்தில் ஏறிப் படுத்தார். தம்பி ஒரு வார்த்தை சொல்லி, மூச்சு விட்டு, அடுத்த வார்த்தை சொன்னான்.

"நல்லா வந்திருக்காமே. டாக்டரம்மா சொன்னாங்க."

"ம்."

"அது எனக்குன்னு தயார் பண்ணதுதானே?"

"உனக்குத்தான்டா. உனக்கு மட்டும்தான்."

"அப்போ அது என்னோடது." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தான். "பத்திரமா வச்சுக்குங்கண்ணே. கண்டதையும் தின்னு பாழாக்கிடாதீங்க."

பிறந்ததிலிருந்து அவன் அண்ணனுக்கு இட்ட ஒரே கட்டளை அது. அடுத்த வாரம் அவன் போய்விட்டான். படுத்திருந்தபடியேதான் போனான், தூக்கத்தில்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வந்து ஓய்ந்தார்கள். கடை திறந்தது. வெளியூரிலிருந்து வருகிற பழைய வாடிக்கையாளர்கள், விஷயம் தெரியாதவர்கள், அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். "பத்து வயசு குறைஞ்சிட்டீங்களே. என்ன பண்றீங்க, எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, அவருடைய மாத்திரையைக்கூட டாக்டர் பாதியாகக் குறைத்திருந்தார். அவர் அந்தப் பேச்சுக்கெல்லாம் விரிப்பை நீவிவிட்டுக்கொண்டே தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு சாயங்காலம் அவர் கடையிலிருந்து வீடு திரும்பியபோது, மனைவி அவருக்குப் பிடித்த இனிப்பைச் செய்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். ஆறு மாதமாக அவர் அரை வயிற்றோடு எழுந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சாப்பிடுங்க. இனிமே யாருக்காகப் பத்தியம்?" என்றாள். அன்பாகத்தான் கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார். வாசனை மூக்கைத் துளைத்தது; நாக்கில் நீர் ஊறவே செய்தது, அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. தட்டை மெல்ல அவள் பக்கமே நகர்த்திவிட்டு, வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார்.

"இது என்னோடது இல்லம்மா" என்றார். "தம்பியோடது."

பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நடக்கப் போனார்.